கல்லாவுக்கு இப்பால் 45 நாட்கள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருவோர் பலர். ஏரியில் படகு விடுவர். அண்ணா பூங்காவில் படம் எடுத்துக்கொள்வர். லேடீஸ் சீட்டில் நின்று கீழே மின்னும் சேலம் நகரத்து விளக்குகளைக் கண்டு வியப்பர். திரும்பும்போது கால் கிலோ காபித்தூளும் நூறு கிராம் மிளகும் வாங்கிக்கொண்டு மலை இறங்குவர். அந்தப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த கை யாருடையது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவர்கள் மீது குறையில்லை. ஊர் பார்க்க வந்தவருக்கு ஊரைப் பார்க்கத்தான் தோன்றும். ஆனால் 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அந்தக் கைகளுள் இரண்டு என்னுடையவையாக இருந்தமையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் நாகலூர்ப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். நம் கல்லூரியில் இளங்கலைப் பொருளியல் பயில்கிறேன். தந்தையும் தாயும் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பழம் பறிக்கும் வேலை நிறைய இருக்கும். கோடையில் கை சற்றுச் சுருங்கிவிடும். அந்த ஆண்டு தங்கை பதினோராம் வகுப்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. எனக்கும் தேர்வுக் கட்டணம், புத்தகம், பேருந்துச் செலவு என வரிசையாகக் காத்திருந்தன. ஆகவே ஏரிக்கு அருகில் காபித்தூள், மிளகு, ஏலம், தைலம், சாக்லேட் முதலியவை விற்கும் கடை ஒன்றில் நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலிக்குச் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும். இரவு எட்டரைக்கு மூடும். 45 நாட்கள் வேலை பார்த்தேன். பொருளியல் பாடத்தில் தேவை, அளிப்பு, சந்தை என்று படித்தவற்றையெல்லாம் அங்கே நேரில் கண்டேன். பாடத்தில் இல்லாத ஒன்றையும் கண்டேன். அவர்தான் எங்கள் முதலாளி.

அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, காதில் செருகிய பேனா. என்னைப் பெயர் சொல்லி அவர் அழைத்ததே இல்லை. "டேய் காலேஜு" என்பதே எனக்கு அவர் இட்ட பெயர். கடை வாசலில் வாய் திறவாமல் நின்றால், "ஏன்டா பொம்மையாட்டம் நிக்கறே? கூப்பிடுடா ஆளுங்களை!" என்பார். கூப்பிட்டால், "இது என்ன பஸ் ஸ்டாண்டா? கத்தறே!" என்பார். காலையில், "ஒரு ரூபா குறைச்சாலும் உன் சம்பளத்துல புடிப்பேன்" என்று எச்சரிப்பார். அன்று மாலையே பேரம் படியாமல் ஒருவர் போய்விட்டால், "பத்து ரூபாய்க்குப் பாத்து ஒரு பார்ட்டியை விட்டுட்டியே, உருப்படுவியா?" என்பார். வாடிக்கையாளர் எதிரிலேயே இவ்வளவும் நடக்கும். திட்டு வாங்கிய முகத்தோடு அடுத்த நொடியே, "வாங்க சார், வாங்கம்மா" என்று சிரிக்கவும் வேண்டும்.

ஆர்லி ஹாக்சைல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். கையால் உழைப்பதும் மூளையால் உழைப்பதும் போலவே, உள்ளே ஒன்றிருக்க வெளியே ஒன்றைக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்பது அவருடைய கருத்து. கூலி கொடுப்பவர் அந்தச் சிரிப்பையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். இதை வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு குறிப்பாக எழுதி மறந்திருப்பேன். கடையில் நின்ற பிறகு மறக்க முடியவில்லை. விற்பனை வேலையில் இருப்பவனுக்குக் கால் வலியைவிட முகவலிதான் பெரிது.

இத்தகைய முதலாளியிடம் அகப்பட்டவனுக்கு உலகம் இரண்டே வழிகளைச் சொல்லும். பெரியவர்கள், "பொறுத்தார் பூமி ஆள்வார், பொறுத்துப் போ" என்பார்கள். நண்பர்கள், "மானம் பெரிதா, கூலி பெரிதா? விட்டுவிட்டு வா" என்பார்கள். வீட்டில் அரிசி இருப்பவனுக்கு இரண்டாம் வழி எளிது. முதுகெலும்பு இல்லாதவனுக்கு முதல் வழி எளிது. இரண்டும் இயலாதவன் என்ன செய்வது? இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதையே அந்த 45 நாட்களில் கற்றேன். முதலாளியிடமிருந்து வருவதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டாமல், தரம் பிரித்துப் பார்ப்பதே அவ்வழி. அவருடைய கோபம் வேறு. அவர் செய்யும் அநீதி வேறு. முதலாவதைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தாங்கிக்கொள்ளக் கூடாது.

முதலில் கோபத்தைப் பற்றிச் சொல்கிறேன். சேர்ந்த ஒரு வாரத்துக்குள் ஒன்றைக் கவனித்தேன். முதலாளியின் கோபத்துக்கு நேரம் உண்டு. முதல் போணி ஆகும் வரை ஒரு படபடப்பு இருக்கும். பதினொரு மணிக்கு அது உச்சத்துக்கு ஏறும். கல்லாவைத் திறப்பார், எண்ணுவார், மூடுவார், மறுபடியும் திறப்பார். பதினொன்றரைக்குத் தோளில் பை மாட்டிய ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து நிற்பார். முதலாளி பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பார். வந்தவர் ஓர் அட்டையில் குறித்துக் கையெழுத்திட்டுப் போய்விடுவார். அவர் தண்டல்காரர். நாள் தவறாமல் வட்டியும் முதலும் வசூலிப்பவர். அவர் தலை மறைந்த அரை மணி நேரத்தில் முதலாளியின் குரல் இறங்கிவிடும். பிற்பகலில் அவரே, "டீ குடிச்சீங்களாடா?" என்று கேட்பதும் உண்டு.

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகை பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. வியாபாரமோ சித்திரை, வைகாசியிலும், பூசை, பொங்கல் விடுமுறைகளிலும், சனி, ஞாயிறுகளிலும்தான். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் சில நாட்களில் ஏறும் கூட்டத்தைக் காட்டித்தான் ஆண்டு முழுவதற்கும் கடன் வாங்குகிறார்கள். வெறுங்கையோடு வெளியேறும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவர் கண்ணுக்கு வட்டியாகவே தெரிந்திருக்க வேண்டும். எங்களோடு வேலை செய்த அக்கா ஒருநாள் இன்னொன்றும் சொன்னார். முதலாளி சிறு வயதில் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டி ஒன்றில் பையனாக இருந்தவராம். எடை தவறினால் அங்கே தராசுத் தட்டாலேயே அடி விழுமாம். "அவரு வாங்கின அடியில பாதியைக்கூட நமக்குக் குடுக்கலைன்னு அவருக்கு நெனப்பு, தம்பி" என்று அக்கா சிரித்தார். அடி வாங்கியவர்களுள் சிலர் இனி யாரையும் அடிக்கக் கூடாது என்று எண்ணுகிறார்கள். வேறு சிலரோ, அடிதான் தொழிற்பயிற்சி என்று எண்ணிவிடுகிறார்கள்.

இதை அறிந்த பிறகு அவருடைய சொற்கள் என்மேல் விழும் எடை குறைந்தது. சரக்கு தீர்ந்துவிட்டது, விலைச்சீட்டு மாற்ற வேண்டும், நாளை ஒருமணி நேரம் தாமதமாக வருவேன் போன்ற செய்திகளை நண்பகலுக்கு முன் அவரிடம் கொண்டு போவதில்லை என்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். அதன்பின் பாதித் திட்டு குறைந்தது. திருக்குறளில் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று ஓர் அதிகாரம் இருப்பதை நாம் அறிவோம். அதிகாரம் உள்ளவரிடம் மிக நெருங்கியும் போகாமல், மிக விலகியும் போகாமல், அவர் மனநிலையும் காலமும் அறிந்து பழக வேண்டும் என்பதே அதன் சாரம். மன்னர்கள் போய்விட்டார்கள், கல்லாவில் அமர்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வள்ளுவர் சொன்னது இன்னும் பயன்படுகிறது.

ஆனால் பழகத் தெரிந்தால் மட்டும் போதாது. மூன்றாம் வாரத்தில் இருப்புக் கணக்குப் பார்த்தபோது நூறு கிராம் மிளகுப் பொட்டலங்களில் எட்டு குறைந்தன. பொட்டலம் 90 ரூபாய்; ஆக 720 ரூபாய். "அலமாரிப் பக்கம் நின்னது யாரு? அக்காதானே? சம்பளத்துல புடிச்சுக்கறேன்" என்று முதலாளி தீர்ப்புக் கூறிவிட்டார். அக்கா ஒன்பது ஆண்டுகளாக அங்கே வேலை பார்ப்பவர். ஒரு பொட்டலத்தைக்கூடத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதவர். ஏறத்தாழ இரண்டு நாள் கூலி ஒரு வாக்கியத்தில் போயிற்று.

நல்ல வேளையாக என்னிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. அது என் அறிவால் வந்ததன்று. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க மலை ஏறும் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் எங்கள் கடையருகே தேநீர் அருந்துவார். முதலாளி என்னைத் திட்டுவதை ஒருநாள் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, எனக்கும் மேலாளர் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் பண்ணி, டார்கெட் என்னாச்சும்பார். நான் எதிர்த்துப் பேசறதில்லை. எந்த டாக்டரைப் பாத்தேன், எத்தனை மணிக்குப் பாத்தேன், அவரு என்ன சொன்னாரு, எல்லாம் டைரியில இருக்கும். வாய்ச் சொல்லுக்கு வாய்ச் சொல்லு சாட்சி ஆகாது. எழுதி வை."

அவருடைய இனத்தார் இதைப் பட்டறிந்தவர்கள். கைவினையோ எழுத்து வேலையோ செய்யாமல் பேசி விற்பவரைத் தொழிலாளி என்று கொள்வதா என்ற வழக்கே நெடுங்காலம் நடந்தது. 1976-இல்தான் நாடாளுமன்றம் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நியமனக் கடிதம் எழுத்து வடிவில் தரப்பட வேண்டும், ஊதியத்துடன் விடுப்பு வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகளுள் சில. அச்சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டத்துள் சேர்க்கப்பட்டது. அவர்கள் முதலில் கேட்டுப் பெற்றவற்றுள் ஒன்று ஒரு காகிதம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். எழுத்தில் இருப்பதற்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

அன்று முதல் நானும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறிக்கத் தொடங்கியிருந்தேன். வந்த சரக்கு, விற்ற சரக்கு, முதலாளி சொன்ன விலை, சொன்ன நேரம். மிளகு குறைந்த செய்தி வந்த இரவு நோட்டைப் புரட்டினேன். அந்த வாரம் திங்கட்கிழமை பிற்பகல், காரில் வந்த உறவினர்களுக்கு முதலாளியே தம் கையால் எட்டுப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்திருந்தார். பணம் வாங்கவில்லை, சிட்டையிலும் ஏறவில்லை. நான் குறித்திருந்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த கேள்வி. மறுநாள் காலையில் அனைவர் எதிரிலும் நோட்டை நீட்டியிருந்தால் நான் வென்றிருப்பேன். அக்காவின் வேலை போயிருக்கும். ஆகவே கடை மூடி, பலகை போட்டு, வேறு யாரும் இல்லாத நேரத்தில் சென்று, "முதலாளி, திங்கக்கிழமை மூணு மணிக்கு ஊர்லருந்து வந்தவங்களுக்கு நீங்க குடுத்தது சிட்டையில ஏறலை போலிருக்கு. சரி பாத்துக்குங்க" என்றேன். திருடவில்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் மறந்தீர்கள் என்றும் சொல்லவில்லை. அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இதெல்லாம் எவன்டா உன்னை எழுதச் சொன்னது?" என்றார். பிறகு அக்காவின் பேருக்கு எதிரே எழுதியிருந்த 720-ஐக் கோடு போட்டு அடித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு வேண்டியது கோடுதான்.

அடுத்தது நாற்காலி. பதினொரு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. "கடையில ஆளு உக்காந்தா லட்சுமி எந்திரிச்சுப் போயிடுவா" என்பது முதலாளியின் நம்பிக்கை. அவர் மட்டும் கல்லாவில் அமர்ந்திருப்பதைக் கண்டு லட்சுமி ஏன் எழுந்து போகவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. மாலையானால் அக்காவின் கணுக்கால் பாதத்தோடு சேர்ந்து வீங்கிவிடும். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடக்கும்.

இது எங்கள் ஒரு கடையின் கதையன்று. மிகப் பழைய கதை. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம் என்று ஒன்று வந்தது. மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்றது அது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டில், விஜி என்னும் தையல் தொழிலாளி ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-அ என்று புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும். வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் பொருள். அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பணி நேரத்தைப் பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. சட்டப் புத்தகத்தில் 8 மணி என்றிருப்பதும், மலைமேல் கடையில் 11 மணி என்றிருப்பதும் ஒரே நாட்டில்தான்.

சட்டத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். நானே போய் முதலாளியிடம் பேசட்டுமா என்றும் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "நீ சீசன் முடிஞ்சா காலேஜுக்குப் போயிடுவே. நான் இங்கதான் இருக்கணும். என் காலு, நான் பேசிக்கறேன் தம்பி" என்றார். அவர் சட்டம் பேசவில்லை. ஒரு பிற்பகலில், தண்டல்காரர் போன பிறகு, காலைக் கல்லாவுக்கு எதிரே காட்டி, "முதலாளி, இந்தக் காலு இன்னும் ரெண்டு வருசம்தான் நிக்கும். அப்புறம் நீங்க வேற ஆளுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும். இடையில ரெண்டு நிமிசம் உக்காந்தா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார். இந்த அரசு இத்தனையாம் ஆண்டில் இன்ன பிரிவைச் சேர்த்தது என்று நான் பேசியிருந்தால் அது எடுபட்டிருக்குமா என்பது ஐயமே. இந்தச் சொல் எடுபட்டது. முதலாளி ஒன்றும் பதில் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்துப் பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள் இருந்தன. "யாரும் வராதப்ப மட்டும்தான். ஆளு வந்தா எந்திரிச்சிடணும்" என்றார். சட்டமும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது என்பதை அவர் அறியார். நாங்களும் சொல்லவில்லை.

இதுவரை படித்தவர்கள், நயமாகப் பேசினால் எல்லா முதலாளியும் இறங்கி வருவார் என்று நான் சொல்வதாக எண்ணலாம். அப்படியன்று. மே மாதக் கடைசி வாரம், மலர்க் கண்காட்சி நேரம், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். கடையில் இரண்டு பெரிய டப்பாக்களில் காபித்தூள் இருந்தது. ஒன்று தனிக் காபி. மற்றொன்று சிக்கரி கலந்தது. இரண்டின் மேலும் 'சுத்தமான தோட்டத்துக் காபி' என்று ஒரே அட்டை, ஒரே விலை.

சிக்கரி நஞ்சன்று. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள்தான் அது. அதன் கசப்பையும் கருநிறத்தையும் விரும்பிக் கேட்டு வாங்குவோர் நம் நாட்டில் ஏராளம். உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடுக்கவில்லை. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எவ்வளவு என்பதை உறைமேல் சொல்ல வேண்டும், அவ்வளவே. கலப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம். கண்டுபிடிப்பதும் எளிது. ஒரு தம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினால் காபி மேலே மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். மிளகுக்கு இதற்கு நேர் எதிரான சோதனை. நல்ல மிளகு மூழ்கும். அதில் கலந்த பப்பாளி விதை மிதக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாக எங்கள் மக்கள் அந்தக் காபியைப் பறித்து வாழ்கிறார்கள். என் தாய் குளிரில் விரல் விறைக்கப் பறித்த பழத்தின் பெயரில் வேறொன்றை விற்பது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த வயதான அம்மையார் ஒருவர் இரண்டாம் டப்பாவைக் காட்டி என்னிடம் கேட்டார்: "தம்பி, இதுல சிக்கரி உண்டா? உள்ளதைச் சொல்லு." முதலாளி ஐந்தடி தூரத்தில் கல்லாவில் இருந்தார். எனக்குப் பின்னால் இருபது பேர். "இதுல உண்டும்மா. அந்த டப்பாவுல இல்லை" என்றேன். அவர் இல்லாததில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார். அருகில் நின்றவர்களும் அதையே கேட்டார்கள்.

அன்று இரவு முதலாளி கத்தவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. "உன் சம்பளத்தை நான் குடுக்கறனா, அந்தம்மா குடுக்கறாங்களா?" என்று கேட்டார். "நீங்கதான் முதலாளி. உங்களுக்கு என்ன வேலை வேணும்னாலும் செய்யறேன். இதை மட்டும் என் வாயால சொல்ல முடியாது" என்றேன். குரலை உயர்த்தவில்லை, தலையையும் குனியவில்லை. மறுநாள் முதல் என்னைக் கடை முன்னே நிற்க விடவில்லை. பின்கட்டில் பெரியவர் ஒருவரோடு அமர்ந்து பொட்டலம் கட்டும் வேலை. நாள் கூலியில் 50 ரூபாய் குறைப்பு. அட்டை மாறவில்லை, அந்த டப்பாவும் மாறவில்லை. மீதம் இருந்தவை 11 நாட்கள். ஆக 550 ரூபாய்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "வேலையை விட்டுடலாமாம்மா?" என்று கேட்டேன். அவர் அடுப்பிலிருந்து முகம் திருப்பாமல், "பொய் சொல்லச் சொன்னானா, பொட்டலம் கட்டச் சொன்னானா?" என்றார். "இப்ப பொட்டலந்தான்." "அப்பக் கட்டு" என்றார். என் தாய் பள்ளியில் படித்தவரல்லர். கோபத்தையும் அநீதியையும் பிரிப்பது பற்றி நான் இத்தனை பக்கம் எழுதியதை அவர் நான்கு சொல்லில் முடித்துவிட்டார். அந்த 11 நாட்களும் சென்று பொட்டலம் கட்டினேன். தனிக் காபியை மட்டும்தான் கட்டுவேன் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் மற்றதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கடைசி நாளன்று முதலாளி 17,450 ரூபாயை இருமுறை எண்ணிக் கொடுத்தார். நோட்டிலும் அதே தொகை இருந்தது. "அடுத்த சீசனுக்கு வர்றியாடா, காலேஜு?" என்றார். "முன்னாடி நின்னா, கேட்டவங்களுக்கு உள்ளதைத்தான் சொல்லுவேன், முதலாளி" என்றேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "போ, போ, பஸ்ஸு போயிடப் போவுது" என்றார். அவர் நல்லவரா, கெட்டவரா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கு ஒரே சொல்லில் விடை கூற இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முக்காலி வாங்கிப் போட்டவரும் அவரே. அட்டையை மாற்றாதவரும் அவரே.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்றதும் நம்முள் பலர் விற்பனை வேலைக்கே செல்லப் போகிறோம். ஜவுளிக் கடை, நகைக் கடை, மருந்து நிறுவனம், கைப்பேசிக் கடை, காப்பீடு, கடன் அட்டை என்று இடம்தான் மாறும். அங்கெல்லாம் ஒரு கல்லாவும், கல்லாவுக்கு அப்பால் ஒருவரும் இருப்பார்கள். அவர் சில வேளை பெரிய நிறுவனத்தின் மேலாளராக இருப்பார். இலக்கு, சதவீதம், அறிக்கை என்று பேசுவார். அவருக்கும் மேலே ஒரு தண்டல்காரர் உண்டு. அவர் இருசக்கர வண்டியில் வராமல் மின்னஞ்சலில் வருவார். அவ்வளவே வேறுபாடு.

அவருடைய கோபத்தின் நேரத்தை அறிந்துகொள்ளுங்கள். அதை உங்கள் தகுதியின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். சொன்னதையும் செய்ததையும் அன்றன்றே எழுதி வையுங்கள். உரிமையைக் கேட்பதற்கு முன் சட்டத்தை அறியுங்கள்; கேட்கும்போது உங்கள் தேவையைச் சொல்லுங்கள்; பலர் நடுவே அவரைச் சிறுமைப்படுத்திவிட்டு நீதியை எதிர்பார்க்காதீர்கள். உடன் உழைப்பவருக்காகப் பேசுமுன் அவரைக் கேளுங்கள்; ஏனெனில் விளைவைச் சுமப்பவர் அவர்தான். இவ்வளவு செய்த பின்னும் பொய் சொல்லும்படி ஒரு நாள் கட்டளை வரும். அன்று மறுப்பதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விலை எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதைத் தாங்கும் அளவுக்குச் சிறிது சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் பத்து நாள் செலவுக்குப் பணம் உள்ளவனின் நாவுக்கு உண்மை சொல்வது சற்று எளிது என்பதைப் பொருளியல் மாணவன் என்ற முறையில் துணிந்து கூறுகிறேன்.

எனக்கு அந்த விலை 550 ரூபாய் ஆயிற்று. தங்கைக்கு வாங்க எண்ணிய மிதிவண்டியைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டி வந்தது. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தேன், பழைய வண்டிதான். மலைச் சரிவில் அவள் அதை ஓட்டுவதைவிடத் தள்ளிக்கொண்டு போவதே அதிகம். ஆயினும் நாள்தோறும் துடைத்து வைக்கிறாள்.